ஓல்சன் எந்தத் துறை?

டேனிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆண்டறிக்கை, கூட்டக் குறிப்பு, ஊழியர்களுக்கான மடல் என்று வந்துகொண்டே இருக்கும். டேனிஷ்காரர்கள் அலுவலக விஷயத்தை எழுத உட்கார்ந்தாலும் பத்தாவது வரிக்குள் மைதானத்தில் இறங்கிவிடுவார்கள்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு மடல். யாரோ விலைப்பட்டியலைப் போட்டி நிறுவனத்துக்கே அனுப்பிவிட்டார்கள். மேலாளர் அதை 'அசல் யெஸ்பர் ஓல்சன்' என்று எழுதியிருந்தார். நானும் அப்படியே ஆங்கிலத்தில் வைத்துவிட்டேன். மறுநாள் லண்டன் கிளையிலிருந்து பதில்: "இந்த ஓல்சன் எந்தத் துறை? அவர்மீது நடவடிக்கை எடுத்தாயிற்றா?"

டென்மார்க்கில் இதற்கு விளக்கமே தேவையில்லை. 1986 கால்பந்து உலகக் கோப்பை, மெக்சிகோவின் கெரேத்தரோ நகரில் ஸ்பெயினுடன் ஆட்டம். பெனால்டியில் டென்மார்க்கின் முதல் கோலைப் போட்டவரே ஓல்சன்தான். இடைவேளைக்குச் சற்று முன், தன் கோலுக்கு அருகிலேயே பந்தைக் குறுக்கே தட்டினார். அது நேராக ஸ்பெயினின் புட்ராகேன்யோ காலில் போய் நின்றது. 1-1. முடிவில் 5-1, அதில் நான்கு கோல் புட்ராகேன்யோ போட்டவை. அன்றிலிருந்து டேனிஷில் ஒருவர் படுமோசமாகச் சொதப்பினால் அது ஓர் ஓல்சன். பாவம், அந்தச் சமயத்தில் அவர் மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடிக்கொண்டிருந்தார். ஆளை எடுத்துக்கொண்ட ஆங்கிலேயர்கள் சொல்லை எடுத்துக்கொள்ளவில்லை!

முதலில் 'ஓன் கோல்' என்று மாற்றினேன். மனசுக்கு ஒப்பவில்லை. ஓல்சன் தன் வலைக்குள் அடிக்கவில்லையே, எதிராளிக்குத் தாரை வார்த்தார், விலைப்பட்டியல் போன மாதிரி. கடைசியில் 'ஹேண்டட் இட் டு தெம் ஆன் எ பிளேட்' என்று போட்டேன். பந்து போய்த் தட்டு வந்தது. சரி, அர்த்தமாவது தப்பித்தது.

அப்புறம்தான் ஒவ்வொரு சொல்லும் எந்த ஆட்டத்திலிருந்து வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். அடுத்து நீங்கள்தான் செய்ய வேண்டும் என்பதை 'பந்து உங்கள் பாதியில் கிடக்கிறது' என்பார்கள், கால்பந்து மைதானக் கணக்கில். ஆங்கிலத்தில் அதே பந்து டென்னிஸ் கோர்ட்டுக்குப் போய்விடும். முடிக்காமல் கிடக்கும் வேலைக்கு 'ஹெங்கபார்ட்டி' என்று ஒரு சொல். சதுரங்கத்தில் பாதியில் நிறுத்தி ஒத்திவைத்த ஆட்டம் அது. ஆங்கிலத்தில் காயெல்லாம் காணாமல் போய் நூல்முனை மட்டும் தொங்கும்: 'லூஸ் எண்ட்ஸ்'. 'பின்சக்கரம் கொடுத்தோம்' என்றால் தானமில்லை. நீ முந்திப் போய்விட்டாய், பின்னால் வருகிறவனுக்கு உன் பின்சக்கரம்தான் தரிசனம். இதற்கு ஆங்கிலத்தில் சைக்கிளைத் தேடினால் விடிந்துவிடும்; 'லெஃப்ட் தெம் ஸ்டாண்டிங்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் புத்தி.

இன்னும் என்னிடம் மாட்டிக்கொண்டு நிற்பது ஒன்று உண்டு: 'சைக்கிள் பாதையில் முதுகுக்காற்று'. யாக்கோப் ஹௌகோர் என்ற நகைச்சுவை நடிகர், சைக்கிள் பாதைகளில் காற்று முதுகுப் பக்கமிருந்தே வீசும் என்று வாக்குறுதி கொடுத்து, 1994 தேர்தலில் சுயேச்சையாக நின்று நாடாளுமன்றத்துக்கே போய்விட்டார். போன மாதம் ஒரு அறிக்கையின் தலைப்பில் அது வந்தது. 'டெயில்விண்ட்' என்று போட்டு அனுப்பினேன். தவறில்லை. எழுதிய அம்மா தொலைபேசியில் கேட்டார்: "எல்லாம் சரிதான், ஆனால் நான் சிரித்துக்கொண்டே எழுதினேனே, அது எங்கே?"

வேறு தலைப்பு தருகிறேன் என்று இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். மூன்றாவது நாளும் 'டெயில்விண்ட்' என்றே போனது.