ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் லேப்டாப்பில் வைஃபை காணாமல் போனது

20-ஆம் தேதி ராத்திரி 9.40-க்கு கடைசி ரிட்டர்னைப் போட்டு, ரிட்டர்ன் ஏறிவிட்டது என்று காட்டும் ஏஆர்என் நம்பர் திரையில் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது. கரூர் வெங்கமேட்டில் வீட்டிலிருந்தபடியே 23 சின்ன வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். ஜிஎஸ்டிஆர்-3பி என்கிற மாத ரிட்டர்ன் 20-ஆம் தேதியைத் தாண்டினால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு வருடத்துக்கு 18 சதவீதம் வட்டி. அது என் பணம் இல்லை. நாலு தையல் மெஷின் வைத்துத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவரின் பணம். அதனால்தான் அந்த இரண்டு நாளும் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. இதே கோளாறு உங்களுக்கு வந்தால் நான் போன தப்பான வழியில் நீங்கள் போக வேண்டாம் என்று இதை எழுதுகிறேன்.

18-ஆம் தேதி சாயங்காலம். டீ போட்டுக்கொண்டு வந்து லேப்டாப் மூடியைத் திறந்தேன். வலது கீழ் மூலையில் வைஃபை அடையாளம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு உலக உருண்டை, அதன் மேல் சின்னதாகத் தடை வட்டம். அதை அழுத்தினால் வழக்கமாக வைஃபை, ப்ளூடூத், விமானம் என்று பட்டன்கள் வரும். விமானம் மட்டும் இருந்தது. வைஃபை அணைந்திருந்தால் தட்டி எரிய விடலாம். இங்கே பட்டனே இல்லை.

ரீஸ்டார்ட் செய்தேன். இல்லை. இன்னொரு தடவை. இல்லை.

அடுத்து நான் செய்ததுதான் முதல் தப்பு. நெட் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். "என் மக ஃபோன்ல நெட் நல்லா வருதுங்க, லேப்டாப்புல மட்டும்தான் இல்லை" என்று இரண்டு தடவை சொன்னேன். அந்தப் பையன் தன் முன்னால் இருந்த தாளைத்தான் படித்தான். "மேடம், மோடத்துக்குப் பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கும், குண்டூசியை உள்ள விட்டு பத்து செகண்ட் அழுத்துங்க." அழுத்தினேன். விளக்கெல்லாம் ஒரு தடவை அணைந்து எரிந்தது. ஃபைபர் ஒயர் சரியாக வருகிறது என்று காட்டும் பான் (PON) விளக்கு பச்சை, இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியவே இல்லை. இப்போது மகள் ஃபோனிலும் நெட் இல்லை, டிவியிலும் இல்லை, வாசல் கேமராவும் போச்சு.

அந்த ஓட்டையைத் தயவுசெய்து தொடாதீர்கள். மோடத்தை அணைத்துப் போடுவது வேறு, அந்த ஓட்டையை அழுத்துவது வேறு. அழுத்தினால் மோடம் கடையிலிருந்து வந்த நாளுக்குப் போய்விடும். கம்பெனி உங்களுக்கென்று போட்டு வைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிடும். அது நம்மிடம் இருக்காது. இணைப்புக் கொடுத்த தம்பிதான் வந்து திரும்பப் போட வேண்டும். "அதுக்கு லோக்கல் ஆள்கிட்ட பேசிக்கோங்க மேடம்" என்று சொல்லிச் சேவைப் பையன் போனை வைத்துவிட்டான்.

நெட் தம்பி மறுநாள் காலை 11 மணிக்கு வந்தார். வேலை ஐந்து நிமிஷம்தான். அவரிடம் ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்: வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் பழையதே இருக்கட்டும், ஒரு எழுத்துகூட மாற வேண்டாம் என்று. அப்படிப் போட்டதால் டிவி, கேமரா, ஃபோன் எல்லாம் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டன. லேப்டாப் மட்டும் அப்படியே கிடந்தது.

நான் முதல் நாளே யோசித்திருக்க வேண்டியது இதுதான். மற்ற ஃபோனில் நெட் வந்து லேப்டாப்பில் வரவில்லை என்றால் மோடத்தைத் தொடவே கூடாது. லேப்டாப்பில் பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள் தெரிந்து, நம் வீட்டுப் பெயரை அழுத்தினால் மட்டும் சேரவில்லை என்றால், பழைய இணைப்பை மறக்கச் சொல்லி பாஸ்வேர்டை மறுபடி போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சேர்ந்த பிறகும் நெட் ஓடவில்லை, லேப்டாப்பின் ஐபி முகவரி (நெட்டில் அதன் அடையாள எண்) 169.254 என்று தொடங்குகிறது என்றால் மோடத்திடமிருந்து லேப்டாப்புக்கு முகவரி வந்து சேரவில்லை என்று அர்த்தம். பட்டனே இல்லை என்றால் கோளாறு லேப்டாப்புக்குள்ளே. எனக்கு இருந்தது இந்தக் கடைசி வகை.

19-ஆம் தேதி மத்தியானம் கோவை ரோட்டில் ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். வெயிலில் இரண்டு பஸ். கடைக்காரர் திறந்து பார்க்கக்கூட இல்லை. ஆன் செய்து ஏதோ நாலு பட்டனை அழுத்தினார். "பயாஸை டீஃபால்ட்ல போட்டுப் பாத்தேங்க்கா. வைஃபை சிப்பு போர்டுலயே வர்றது. போர்டு போயிருச்சு. 14,500 ஆகும். நாலு நாள் வெச்சிட்டுப் போங்க." நாலு நாளா? நாளைக்குத்தானே கடைசி நாள்! வேண்டாம், கொடுத்துவிடுங்கள், அப்படியே எடுத்துப் போகிறேன் என்றேன். அவர் மறுபடி ஆன் செய்தபோது நீலத் திரை வந்தது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கரின் ரெகவரி கீ, அதாவது பூட்டைத் திறக்கும் சாவி எண், 48 இலக்கம் போடச் சொன்னது.

"சாவி கேக்குதுங்க்கா. நம்பர் இல்லைன்னா ஃபார்மேட் பண்ணிர்லாம், ஒரு மணி நேரத்துல புதுசாட்டம் குடுத்துர்றேன்" என்றார், அவ்வளவு சுலபமாக. அந்த லேப்டாப்பில் 23 பேருடைய டேலி கணக்கு இருக்கிறது. கடைசியாக பென்டிரைவில் எடுத்தது 12 நாள் முன்னால். கை நடுங்கியது எனக்கு. "தொடாதீங்க" என்று லேப்டாப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

இது பலருக்கும் தெரிவதில்லை. விண்டோஸ் 11 போட்டு வருகிற நிறைய லேப்டாப்புகளில், முதல் நாள் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்து உள்ளே போனவுடனே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. சாதாரண நாளில் அது நமக்குத் தெரியவே தெரியாது. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் லேப்டாப்பைக் கிளப்பிவிடுகிற அடிப்படை செட்டிங்கில், யாராவது கை வைத்தால் பூட்டு முன்னால் வந்து நிற்கும். சாவி அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே பத்திரமாக இருக்கிறது. கடையில் நின்றபடியே ஃபோன் பிரவுசரில் என் கணக்கைத் திறந்தேன். பாஸ்வேர்டு மறந்திருந்தது. பழைய மெயிலுக்கு ஓடிபி வரவைத்து மாற்றினேன். சாதனங்கள் என்ற பக்கத்தில் என் லேப்டாப் பெயர், அதன் கீழே ரெகவரி கீ. நீலத் திரையில் ஒரு கீ ஐடி காட்டும், அதன் முதல் எட்டு எழுத்தும் ஃபோனில் இருப்பதும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றாகவே இருந்தது.

கடையில் வேலைக்கு இருந்த சின்னப் பையன் ஒருவன், பதினெட்டு வயது இருக்கும், என் ஃபோனை வாங்கி ஆறு ஆறு இலக்கமாகப் படித்தான். எட்டுத் தொகுதி. நான் அடிக்க அடிக்க அவன் திரையையும் ஒரு பார்வை பார்த்துச் "சரிங்க்கா, அடுத்தது" என்றான். கடைசி ஆறு இலக்கத்தை அடித்து என்டர் தட்டியதும் என் பழைய டெஸ்க்டாப் வந்தது. அவனுக்கு என் நன்றி. கடைக்காரர் "பாத்த கூலி" என்று 350 ரூபாய் வாங்கினார். பில் கேட்டேன், தரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து. முதலில் வேலை நடக்க வேண்டும். என் லேப்டாப்பில் நெட் ஒயர் செருகும் ஓட்டை கிடையாது. போனில் பேசிய எல்லோரும் "ஹாட்ஸ்பாட் போட்டுக்கோங்க" என்றார்கள். வைஃபையே இல்லாத லேப்டாப் ஹாட்ஸ்பாட்டை எப்படிப் பிடிக்கும்? அதற்கு யூஎஸ்பி டெதரிங்தான் வழி. ஃபோனை ஒயரில் லேப்டாப்போடு இணைத்து, ஃபோனின் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் யூஎஸ்பி டெதரிங்கைத் தட்ட வேண்டும். எனக்கு அது சாம்பல் நிறத்தில் தட்ட முடியாமல் கிடந்தது. முக்கால் மணி நேரம் ஃபோன் செட்டிங்கையே குடைந்தேன். கடைசியில் பார்த்தால் ஒயர்தான். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய ஒயர் சார்ஜ் மட்டும் ஏற்றும், டேட்டா போகாது. ஃபோன் வாங்கியபோது பெட்டியோடு வந்த ஒயரைத் தேடி எடுத்துப் போட்டதும், பத்து செகண்டில் லேப்டாப்பில் நெட். ஃபோன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த நெட்டையே ஒயர் வழியாகக் கொடுக்கும், டேட்டா பேக்கும் தீராது. அன்று ராத்திரி பத்து மணிக்குள் ஒன்பது ரிட்டர்ன் போட்டேன். இது மட்டும் 18-ஆம் தேதியே தெரிந்திருந்தால் கோவை ரோட்டுக்குப் போயே இருக்க மாட்டேன்.

நடுவில், லேப்டாப்புக்குள் இருக்கிற பாகங்களை விண்டோஸ் பட்டியல் போட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரையும் பார்த்தேன். நெட்வொர்க் அடாப்டர்கள் பட்டியலில் வைஃபை கார்டின் பெயர் இருந்தது, அதன் மேல் மஞ்சள் முக்கோணம். இரண்டு தடவை தட்டினால் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை, கோட் 10 என்றது. பெயர் தெரிகிறது என்றாலே கார்டு உள்ளே உயிரோடு இருக்கிறது, கிளம்ப மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான் என்று எனக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. அந்த வேகத்தில் இன்னொரு தப்பும் செய்தேன். அன்இன்ஸ்டால் கொடுக்கும்போது டிரைவரையும், அதாவது கார்டை விண்டோஸ் இயக்குவதற்கான சாஃப்ட்வேரையும், சேர்த்து நீக்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். டிக் செய்துவிட்டேன். இருந்த டிரைவரும் போய், வெறும் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று பெயரில்லாமல் நின்றது. கையில் டெதரிங் இருந்ததால் பிழைத்தேன். லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில், அடியில் ஒட்டியிருக்கிற சீரியல் நம்பரைப் போட்டு டிரைவரை இறக்கிக்கொண்டேன். டிரைவரை இறக்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் அந்தக் கட்டத்தைத் தொட வேண்டும். புது டிரைவர் போட்டும் கோட் 10 போகவில்லை.

அப்போது நான் கணக்குப் பார்க்கிற ஒரு தம்பிக்கு, இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்கிறவர், ஓடிபி கேட்கப் போன் போட்டேன். குரலைக் கேட்டே "என்னங்க்கா, உடம்புக்கு முடியலீங்களா?" என்றார். சொன்னேன். "ஏனுங்க்கா, கரன்ட்ட முழுசா எடுத்துப் பாத்தீங்களா? எங்க இன்வெர்ட்டர் போர்டும் இப்பிடித்தான் சிக்கிக்கும். ஆஃப் பண்ணுனாப் பத்தாது, பேட்டரிய எடுத்து உள்ள இருக்கற சார்ஜ் இறங்கோணும்."

சார்ஜரைப் பிடுங்கினேன். ஷிஃப்ட் பட்டனை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்தேன். சும்மா ஷட்டவுன் கொடுத்தால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று ஆனில் இருக்கும்வரை, விண்டோஸ் பழைய நிலையைப் பாதி சேமித்து வைத்துக்கொண்டுதான் தூங்கும். ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் புதிதாகக் கிளம்பினாலும் கார்டுக்குப் போகிற மின்சாரம் நிற்பதில்லை. நான் எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தும் அது அசையாததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். மவுஸ், ஃபோன் ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கிற சார்ஜ் இறங்கட்டும் என்று பவர் பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். மகள் கடிகாரம் பார்த்து எண்ணினாள். முப்பதில் விரல் வலித்தது. அறுபது வரை விடவில்லை. ஐந்து நிமிஷம் அப்படியே வைத்திருந்து, சார்ஜரைச் செருகி ஆன் செய்தேன்.

மூலையில் வைஃபை விசிறி. வீட்டுப் பெயரில் தானாகவே சேர்ந்திருந்தது. மகள் கத்திய கத்தலில் அவள் அப்பா எழுந்து வந்துவிட்டார்.

20-ஆம் தேதி காலையில் மூடியைத் திறந்தால் மறுபடி உலக உருண்டை! இந்தத் தடவை பயப்படவில்லை. அதே அறுபது செகண்ட், வந்துவிட்டது. தூங்கி எழும்போதுதான் சிக்குகிறது என்று புரிந்தது. டிவைஸ் மேனேஜரில் கார்டைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்த இதை அணைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிற டிக்கை எடுத்தேன். கன்ட்ரோல் பேனலில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்கிற இடத்துக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் எடுத்தேன். இரண்டில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கு நேரம் இல்லை, மீதி 14 ரிட்டர்ன் காத்துக்கொண்டிருந்தது.

இன்றைக்கு 26. தினமும் நாலைந்து தடவை மூடித் திறக்கிறேன், ஒரு தடவைகூடப் போகவில்லை. என் மாடலின் சர்வீஸ் கையேடு தயாரிப்பாளரின் தளத்திலேயே இருக்கிறது, அதையும் பார்த்தேன். வைஃபை கார்டு போர்டில் ஒட்டி வருவதில்லை. ஒரே ஒரு ஸ்க்ரூவில் தனியாக நிற்கிறது, படத்தோடு போட்டிருக்கிறார்கள். உண்மையிலேயே கார்டு போயிருந்தாலும் அதை மட்டும் மாற்றியிருக்கலாம், இல்லை 500 ரூபாய்க்குள் ஒரு யூஎஸ்பி வைஃபை வாங்கிச் செருகியிருக்கலாம். 14,500 சொன்னவரிடம் இதைக் கேட்க அந்தப் படத்தை ஃபோனில் எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்த 48 இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி பீரோவில் பத்திரத்தோடு வைத்துவிட்டேன். டேட்டா போகிற ஒயரில் சிவப்பு நூல் கட்டி லேப்டாப் பையிலேயே போட்டிருக்கிறேன். இன்வெர்ட்டர் தம்பிக்கு இந்த மாத ஃபீஸ் வாங்கவில்லை. அவர் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்.