கிளிப் ஒட்டும்போது ரிட்ராக்டரோடு மூச்சு விடப் பழகிய கதை

பல்லுக்குக் கிளிப் போடப் போகிறேன் என்றால் எல்லோரும் வலியைப் பற்றித்தான் பேசுவார்கள். கம்பியைத் தாங்குவதற்காக ஒவ்வொரு பல்லிலும் ஒட்டும் சின்னத் துண்டுதான் பிராக்கெட்; அதை ஒட்டுகிற வேலையில் ஊசி கிடையாது, பல்லில் துளை போடுவதும் கிடையாது, பல் கடுப்பதெல்லாம் கம்பி மாட்டிய பிறகுதான். என்னைப் பாடாய்ப் படுத்தியது ரிட்ராக்டர். உதட்டையும் கன்னத்தையும் பல்லிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொள்ளும் அந்த வளைந்த பிளாஸ்டிக்கை மாட்டிய கொஞ்ச நேரத்திலேயே, மூச்சு முட்டுகிறது, எடுத்துவிடுங்கள் என்று கையை ஆட்டிவிட்டேன். மேல் வரிசை எப்படியோ முடிந்தது. கீழ் வரிசைக்குப் போவதற்குள் டாக்டரிடமும் அங்கிருந்த உதவியாளரிடமும் கேட்டுக் கேட்டு, வீட்டில் பழகிப் பார்த்து, அடுத்த முறை நிம்மதியாகப் படுத்திருந்தேன். இதே பயத்தோடு இருப்பவர்கள் நிறைய பேர் இருப்பார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிந்தது. மூச்சு முட்டுவது போலத் தோன்றினாலும் அங்கே சிக்கல் எச்சிலில்தான். ரிட்ராக்டர் நிற்பது உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில், மூக்கிலிருந்து தொண்டைக்குப் போகும் வழிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் நாம் எச்சில் விழுங்கும்போது உதட்டை மூடி, நாக்கை அண்ணத்தில் அழுத்தித்தான் பழக்கம். உதடு மூடாது என்றானதும் விழுங்கவே வராது என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. வாயில் ஒரு பொருள் கிடந்தாலே எச்சில் கூடுதலாக ஊறும், போதாக்குறைக்கு ஒட்டுவதற்கு முன் பல்லில் தடவும் பாஸ்பாரிக் ஆசிட் ஜெல் துளி நாக்கில் பட்டாலும் புளிக்கும், அதற்கும் ஊறும். நாற்காலியையும் சாய்த்துப் படுக்க வைத்திருப்பார்களா, எல்லாம் தொண்டைப் பக்கம் போய்த் தேங்கிவிடும். தொண்டையில் தண்ணீர் நிற்கும்போது மூச்சை இழுக்க யாருக்குத்தான் பயம் வராது? உடனே வாயால் வேகவேகமாக மூச்சு வாங்குவோம், தொண்டை காயும், குமட்டும். அப்படியே தொடர்ந்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் குறுகுறுவென்று இருக்கும், தலை லேசாகச் சுற்றும். எனக்கு விரல் நுனி அப்படித்தான் ஆனது. அது ஆபத்து இல்லை, மூச்சை நிதானப்படுத்தினால் தானாகப் போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பாதி பயம் போனது.

அப்புறம் பழகியது. வாயை நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு மூக்கால் மட்டும் மூச்சு விட வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் பலருக்கும் வாய் திறந்ததுமே மூச்சு வாய்வழியாகப் போய்விடும். உதவியாளர் சொன்ன வழி எனக்குப் பெரிதாக உதவியது: 'ங்' என்று சொல்லி அந்த ஒலியிலேயே நாக்கை நிறுத்திக்கொள்ளுங்கள். அப்போது நாக்கின் பின்பக்கம் மேலே போய் அண்ணத்தின் மெத்தென்ற பகுதியைத் தொட்டுக்கொண்டு நிற்கும், வாய்க்கும் தொண்டைக்கும் நடுவில் ஒரு கதவு சாத்திய மாதிரி. தண்ணீர் இந்தப் பக்கம், மூச்சு அந்தப் பக்கம். சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு சின்னக் கைக்கண்ணாடியை எடுத்து, திறந்த வாய்க்கு நேராகப் பிடித்தேன். ஆரம்பத்தில் கண்ணாடியின் நடுவில் வட்டமாக ஆவி படிந்தது, அதாவது வாயால்தான் விட்டுக்கொண்டிருந்தேன். 'ங்' நிலைக்கு வந்ததும் நடுப்பகுதி தெளிந்து, மூக்குக்குக் கீழே மட்டும் இரண்டு சின்னத் திட்டுகளாகப் படிந்தது. அதைப் பார்த்தபோது வந்த நம்பிக்கை, யார் சொல்லியும் வந்திருக்காது.

விழுங்குவதற்கும் பயிற்சி உண்டு. இரண்டு ஆள்காட்டி விரலாலும் கடைவாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பின்பற்களை மெதுவாகச் சேர்த்து, நாக்கு நுனியை மேல் முன்பல்லுக்குப் பின்னால் ஊன்றி, பின்னோக்கி அழுத்தி விழுங்கிப் பாருங்கள். உதடு மூடாமலேயே போகும். விழுங்கும்போது ஒரு நொடி போல மூச்சு நிற்கும், அது எப்போதும் நடப்பதுதான், ரிட்ராக்டர் இருக்கும்போதுதான் அதை நாம் கவனிக்கிறோம். ஒன்று மட்டும், நாக்கைத் தடுக்கும் தகடும் உறிஞ்சும் குழாயும் சேர்ந்த வகை ரிட்ராக்டர் போட்டால் இப்படி விழுங்க வராது, அதில் குழாயே எச்சிலை இழுத்துக்கொள்ளும், 'ங்' மூச்சு மட்டும் போதும்.

கீழ் வரிசைக்குப் போனபோது, ரிட்ராக்டர் மாட்டுவதற்கு முன், பேச முடிகிற நேரத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாற்காலியைக் கொஞ்சம் நிமிர்த்தி வையுங்கள், இடது கையைத் தூக்கினால் நிறுத்துங்கள், ஒரு சைஸ் சின்ன ரிட்ராக்டர் போட்டுப் பாருங்கள் என்று. எதற்கும் முகம் சுளிக்கவில்லை. முதல் முறை பெரிய சைஸ் போட்டதில் கடைவாய் ஓரம் வெடித்து எரிந்திருந்தது, இந்த முறை வாசலின் தடவி, ரிட்ராக்டரைத் தண்ணீரில் நனைத்து, ஒரு பக்கம் நுழைத்துவிட்டு உதட்டைத் தளர்த்தச் சொல்லி அடுத்த பக்கம் நுழைத்தார்கள். ஆப்ட்ராகேட் போன்ற மெத்தென்ற வளைய வகையும் இருக்கிறது, கன்னத்தை அவ்வளவு அழுத்தாது, லேடெக்ஸும் கிடையாது. லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் கையுறைக்காகவும் சேர்த்து முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உள்ளபடியே கஷ்டமான நேரம் ஒன்றுதான்: ஆசிட் ஜெல்லைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது. அதற்கு முன்பே 'ங்' போட்டுக்கொண்டு, மெதுவாக மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இருந்தேன், நாலு எண்ணி இழுப்பது, ஆறு எண்ணி விடுவது. அந்தத் தண்ணீரைக் குழாயால் உறிஞ்சி எடுத்து முடித்ததும், பல்லை உலர்த்தும் முன் விழுங்க ஒரு இடைவெளி கொடுங்கள் என்று கேட்டிருந்தேன், கொடுத்தார்கள். இதைக் கேட்பது உங்களுக்கு மட்டும் நல்லதில்லை. உலர்த்தியதிலிருந்து, பசை இறுகுவதற்காக நீல வெளிச்சம் காட்டி முடிக்கும் வரை பல்லில் ஈரம் பட்டால் பிராக்கெட் சரியாக ஒட்டாது, சீக்கிரமே கழன்று வந்துவிடும். அந்த நேரத்தில் நாக்கு அசையாமல் இருக்க, முன்னாலேயே விழுங்கி வைத்திருப்பதுதான் வழி. குமட்டல் எட்டிப் பார்த்தபோது ஒரு காலை நாற்காலியிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கிப் பிடித்திருந்தேன், கவனம் முழுக்கத் தொடைக்குப் போய்விடும், எனக்கு அது வேலை செய்தது.

சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் கூச்சப்படாமல் போன் செய்து வேறு நாள் கேளுங்கள், இத்தனையும் மூக்கை நம்பித்தான் இருக்கிறது. லேசான அடைப்பு என்றால் உப்புநீர் ஸ்பிரே போதும். மூக்குத் தண்டு வளைந்து எப்போதுமே அடைப்பு உள்ளவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், இன்ஹேலரைக் கையோடு கொண்டு போங்கள். ஒரே மூச்சில் முழு வரிசையும் ஒட்டத்தான் வேண்டும் என்றில்லை, பாதி ஒட்டிவிட்டு ரிட்ராக்டரைக் கழற்றி, வாயை மூடி, தாடைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மீதியைத் தொடரலாம். எனக்குக் கீழ் வரிசையில் அப்படித்தான் செய்தார்கள், நான் கேட்டதால்.