கீவா படையெடுப்பு: ஒட்டகக் கணக்கும் கிணற்றுக் கணக்கும்

மேட்டூர் திறந்தும் கடைமடைக்குத் தண்ணி வராத வருஷத்தைப் பார்த்த டெல்டாக்காரருக்கு, கீவாவின் கதை சட்டென்று பிடிபடும். மத்திய ஆசியாவில், அமு தரியா ஆற்றுக் கால்வாய்களை நம்பிப் பயிர் செய்த ஊர் அது. சுற்றிலும் பாலைவனம். அதுதான் அதன் கோட்டைச் சுவர்.

அதைப் பிடிக்க 1839 நவம்பரில் ரஷ்ய எல்லை நகரான ஓரன்பர்க்கிலிருந்து ரஷ்யத் தளபதி பெரோவ்ஸ்கி கிளம்பினார். சுமார் 5,000 வீரர்கள், 10,000 ஒட்டகங்கள். கோடையில் தண்ணீர் கிடைக்காது, குளிரில் பனியை உருக்கிக் குடிக்கலாம் என்பது திட்டம். காகிதத்தில் சரிதான். ஆனால் பனி ஆழமாக விழுந்து மேய்ச்சல் மூடிப்போனது. குதிரை குளம்பால் பனியைக் கிளறிப் புல்லை எடுக்கும். ஒட்டகத்துக்கு அது வராது. மேலே இறுகிய பனிப்பொருக்கு கால்களை வேறு கிழித்தது. ஒட்டகம் சாய்ந்தால் தீவனம், விறகு, கூடாரம் எல்லாம் அங்கேயே கிடக்கும். கீவாவைப் பார்க்காமலேயே 1840 பிப்ரவரியில் திரும்பினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

1873இல் தளபதி காவுஃப்மன் தலைமையில் பல திசைகளிலிருந்து ரஷ்யப் படைகள் மறுபடி புறப்பட்டன. ஒன்று தவறினாலும் மற்றது சேரும் என்ற கணக்கு. காஸ்பியன் கடற்கரையிலிருந்து வந்த மார்கோசோவ் படை வெயிலிலும் தாகத்திலும் பாதியிலேயே திரும்பியது. காவுஃப்மன் படையே ஆதம் கிரில்கன் கிணறுகளில் தண்ணீர் போதாமல் அழியப் பார்த்தது. சண்டையில் சேதம் சொற்பம்தான்.

ஜூனில் கீவா விழுந்தது. ஆகஸ்ட் ஒப்பந்தத்தில் அமு தரியாவின் வலக்கரை ரஷ்யாவுக்குப் போனது. 22 லட்சம் ரூபிள் இழப்பீடு, தவணையில். கீவாவின் அரசரான கானை மட்டும் அரியணையிலேயே விட்டுவைத்தார்கள், வரி வசூலிக்க ஆள் வேண்டுமே!