பாசிய பிடுங்காம வளர்க்கலாமே
சிவப்புக் கடல்பாசிய பாறையிலருந்து பிடுங்கும்போது அடிப்பிடியும் சேர்ந்தே வந்துடுது, அப்புறம் அந்த இடத்துல சீக்கிரம் முளைக்காது, அதுக்குள்ள ஒளிஞ்சிருந்த குட்டி மீனு, இறாலுக்கெல்லாம் வீடு போச்சு. மனசு கேக்கல. கயித்துல வளர்க்கலாமே! கைப்பிடி அளவு துண்ட கயித்துல கட்டி கடல்ல மிதக்கவிட்டா கப்பாபைகஸ்ங்கிற சிவப்புப் பாசி 45 நாள் வாக்குல அறுவடைக்கு வந்துடும், அதுலயே ஒரு துண்ட ஒடிச்சு திரும்ப கட்டிக்கலாம், உரம் வேணாம், நல்ல தண்ணியும் வேணாம். எல்லா பாசியும் இப்படி துண்டுல வளராது. ஜப்பான்ல சாப்பிடுற நோரிப் பாசி எங்கருந்து முளைக்குதுன்னே தெரியாம இருந்தப்ப, அதோட வாழ்க்கையில இன்னொரு பருவம் சிப்பி ஓட்டுக்குள்ள இருக்குன்னு 1949ல சொன்னது இங்கிலாந்து பாசி விஞ்ஞானி கேத்லீன் ட்ரூ பேக்கர், அந்தம்மாவுக்கு கோடி நன்றி. ஒண்ணே ஒண்ணு, வேற கடல்லருந்து கொண்டுவந்த பாசிய பவளப்பாறை பக்கம் கட்டாதீங்க, பரவுச்சுன்னா பவளத்த மூடிடும்.