மூச்சு வாங்கும் இடம்

1988இல் சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கேசட் கடையில் வேலைக்கு இருந்தேன். விற்பனை பாதி, பதிவு பாதி. பிடித்த பாட்டுகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அறுபது நிமிடம், தொண்ணூறு நிமிடம் என்று வெற்றுக் கேசட்டில் பதிந்து மறுநாள் கொடுக்க வேண்டும். கடை திறந்ததும் முதல் வேலை, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் டெக்கின் ஹெட்டைத் துடைப்பது.

அந்த வருடம்தான் இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்' வந்தது. சினிமாவுக்காக இல்லாமல், முழுக்க வாத்திய இசையாக அவர் வெளியிட்ட இரண்டாவது ஆல்பம். முதலாவது, 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்?'. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "வாங்கிட்டுப் போறவங்க திரும்ப வந்தா என்ன சொல்றாங்கன்னு அட்வான்ஸ் நோட்டுல ஓரமா எழுதி வை தம்பி. அடுத்த லாட்டு எத்தனை எடுக்கறதுன்னு பார்க்கணும்" என்றார். அவர் வியாபாரக் கணக்குக்காகச் சொன்னது. ஆனால் அந்தக் கடையில் நான் பார்த்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்த வேலையாக அதுவே ஆகிவிட்டது.

முதல் சில வாரங்கள் நோட்டில் ஒரே வாசகம்தான் திரும்பத் திரும்ப வந்தது: "மொதல்ல வந்தது மாதிரி இல்லீங்க." எனக்குக் கோபம் வரும். முதல் ஆல்பத்திலேயே ஓர் உருப்படிக்கு 'டோன்ட் கம்பேர்' என்று பெயர் வைத்திருக்கிறாரே, அதையாவது கவனிக்கக் கூடாதா என்று நினைப்பேன். அப்புறம் இரண்டையும் ராத்திரி கடை சாத்தும் நேரத்தில் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டபோது அவர்கள் பக்கத்து நியாயம் புரிந்தது. முதல் ஆல்பம் தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக் (Bach) என்பவருக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்டது. பத்து உருப்படிகள். வி.எஸ். நரசிம்மனின் வயலின் ஓடி ஓடி வாசிக்கும். பாக் தனி வயலினுக்கு எழுதிய 'பார்ட்டிட்டா' என்ற இசைத்தொகுப்பு ஒன்றே ஓர் உருப்படிக்குள் வந்து உட்கார்ந்து பேசும். இரண்டாவதில் மொத்தமே ஐந்து. எல்லாம் நீளம். பெரிய இசைக்குழுவுக்கு முன்னால் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல் அவசரமே இல்லாமல் நடக்கிறது. இரண்டு வருடம் வில்லின் வேகத்துக்குப் பழகிய காது, குழலின் நிதானத்துக்கு வந்து சேரக் கொஞ்ச நாள் பிடிக்கத்தான் செய்யும்.

கல்யாணக் கச்சேரிகளுக்கு வாசிக்கும் ஒரு நாதஸ்வர வித்வான் கவுண்டரிலேயே நின்று ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். கர்நாடகக் குழல் மேதை மாலியைக் கேட்டு வளர்ந்த காது அவருடையது. "நம்ம குழல்ல எட்டுத் துளை. இது ஆறு துளை வடக்கத்திக் குழல், நீளம் ஜாஸ்தி. அதான் சத்தம் இவ்வளவு கனமா இருக்கு" என்றார். பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு போனார்.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து ரைட்டர், அதாவது கணக்கெழுதுபவர், மாதம் ஒரு முறை கீழே இறங்கி வருவார். சாயங்காலம் கரண்ட் போனதும் பேட்டரியில் போட்டுக் கேட்பாராம். "சில்வர் ஓக் மரத்துல காத்து அடிக்கிறதும் குழலும் எது எதுன்னு தெரியாம போயிருதுங்க" என்று சொன்னார். அடுத்த மழைக்காலம் முடிந்து வந்தபோது அவர் கேசட்டில் நாடா முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. மலைப் பனிக்கு அது சகஜம். எங்கள் டெக்கில் அதைப் போடவே நான் துணியவில்லை. மறுபேச்சு இல்லாமல் அதே ஆல்பத்தை இன்னொன்று வாங்கினார். நோட்டில் அவர் பக்கத்தில் 'மறுபடியும்' என்று மட்டும் எழுதினேன்.

ஆனால் நான் இன்றும் மறக்காதது செவ்வாய்ப்பேட்டைக்காரரைத்தான். கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, "குழல் அழுவுது தம்பி, மாத்திக் குடுங்க" என்றார். எங்கள் டெக்கில் போட்டுக் காட்டினேன். துல்லியமாகப் பாடியது. நாலு பேர் நிற்கும்போது, "கேசட் நல்லாத்தான் இருக்கு, நீங்க சரியா கேட்கலை" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் கேசட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த முகம் ராத்திரியெல்லாம் தொந்தரவு செய்தது. நான் சொன்னது தப்பு என்று அப்போதே தெரியும்; ஏன் தப்பு என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே போனேன். ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த அவருடைய டூ-இன்-ஒன்னில் போட்டுக் கேட்டால், அவர் சொன்னது அத்தனையும் உண்மை. நீண்டு நிற்க வேண்டிய ஸ்வரம் நீரில் விழுந்த நிழல் மாதிரி நெளிந்தது. பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தேன். பட்டறைச் சூட்டில், நாடாவை ஓட்டும் ரப்பர் பெல்ட் தொய்ந்து போயிருந்தது. நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்று ஒரே சீராக ஓட வேண்டும். பெல்ட் வழுக்கினால் வேகம் கூடிக் குறையும், சுருதியும் கூடவே ஏறி இறங்கும். சினிமாப் பாட்டில் தபலாவும் டிரம்ஸும் அதை மறைத்துவிடும். அந்த மெஷினில் எத்தனையோ மாதமாகப் பாட்டு நெளிந்துகொண்டுதான் இருந்திருக்க வேண்டும். ஒற்றைக் குழல், ஒரே ஸ்வரத்தில் நின்றபோதுதான் அது வெளியே தெரிந்தது. அதைக் கண்டுபிடித்தது அவர் காது. நானோ கடையில் நின்று அந்தக் காதைக் குறை சொன்னேன்.

மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க தம்பி" என்று டீ வரவழைத்தார். புது பெல்ட் வாங்கி வந்து மாட்டி, முதலிலிருந்து போட்டோம். பட்டறையில் இருந்த மூன்று பேரும் கை வேலையை வைக்கவில்லை. அவர் மட்டும் ஊதுகுழலைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். கொலுசில் மணியைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதுவார்களே, அந்தக் குழல்.

பக்கம் முடிந்ததும் சொன்னார்: "ஊதறப்ப நடுவுல மூச்சு வாங்கினா தீ ஆடிரும். ஆடினா மணி கருகும், இல்லேன்னா ஒட்டாது. முப்பது வருசமா நான் பழகறது அதைத்தான். இந்த மனுசன் எங்க மூச்சு வாங்கறார்னு மொதல்லேர்ந்து பார்த்துட்டே இருந்தேன். வாங்கற இடம் தெரியுது. ஆனா ஆடலை. தீ அப்படியே நிக்குது."

அந்த ஆல்பத்தில் ஓர் உருப்படியின் பெயர் 'கம்போசர்ஸ் பிரெத்', இசையமைப்பாளரின் மூச்சு என்று அவரிடம் சொன்னேன். அட்டையில் இருந்த இங்கிலீஷ் அவருக்குப் படிக்கத் தெரியாது. எந்த இடம் என்று கேட்டார். தேடி எடுத்துப் போட்டேன். இந்த முறை மற்ற மூன்று பேரும் கையை நிறுத்தினார்கள்.

கடைக்குத் திரும்பி நோட்டைத் திறந்தேன். ஓரத்தில் இடம் போதவில்லை. அடுத்த பக்கத்தில் வரவேண்டிய ஆர்டர்களைக் கீழே தள்ளிவிட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே முழுசாக எழுதினேன்.