நாளைக்குத் தாறேன் என்றேன்

நாளைக்குத் தாறேன் என்று நான் சொன்னது பொய். சொல்லும்போதே எனக்குத் தெரியும், நாளைக்கும் உருண்டை இருக்காது என்று.

2022ஆம் ஆண்டு, இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டம். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை நாங்கள் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் பத்து மணிக்குக் கொடுக்கிற திரிபோஷ (சத்துமா) உருண்டை அன்றைக்கு ஆளுக்கு ஒன்றோடு தீர்ந்துவிட்டது. கிளினிக்கில் கிடைக்கும் 750 கிராம் பக்கட்டில் தாய்மார் கொஞ்சம் கொண்டுவந்து தருவார்கள். ஆயாம்மா தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடிப்பார். அந்த மாதங்களில் கிளினிக்குக்கே ஒழுங்காக வரவில்லை. 400 கிராம் பால்மா 790 ரூபாய்க்கு ஏறியிருந்தது, கொழுந்தெடுப்பவருக்கு நாட்சம்பளம் 1000 ரூபாய். யாரிடம் போய்க் கேட்பது?

மடுவத்தில் ஒரு பையன், அவனுக்கு இரண்டு வயதும் சில மாதமும். இன்னொன்று கேட்டான். இல்லை என்றதும் தரையில் விழுந்து புரண்டான். அந்த வயதில் ஆசையை அடக்குகிற மூளைப்பகுதி வளர்ந்து முடிந்திருக்காது, அடம் என்று நினைத்து அதட்டக்கூடாது என்று படித்திருக்கிறேன். அதனால் பக்கத்தில் உட்கார்ந்தேன், வெறும் டின்னைத் திறந்து காட்டினேன். அவன் கையை உள்ளே விட்டு, ஒட்டியிருந்த மாவை வழித்து நக்கினான். அப்புறம் முன்னைவிடச் சத்தமாக அழுதான். தொட்டிலில் கிடந்த இரண்டு கைக்குழந்தைகளும் எழும்பிவிட்டார்கள். அப்போதுதான் சொன்னேன்.

உடனே அழுகையை நிறுத்தினான். "நாளைக்கு?" என்று கேட்டான். "நாளைக்கு" என்றேன்.

பின்னேரம் பிள்ளையைத் தூக்க வந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்து மடித்தபடியே, "இல்லைன்னே சொல்லியிருக்கலாம் டீச்சர். நாளைக்குன்னுதான் வீட்டுலயும் சொல்லிக்கிட்டிருக்கோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பதில் இருக்கத்தான் செய்தது. பதினான்கு பிள்ளைகளுக்கு நாங்கள் இரண்டு பேர். ஒருவன் அழுதால் எல்லாரும் அழுவார்கள். சரி, அது உண்மைதான். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது அவனுடைய ஆறுதலா, என் காதுக்கு ஒரு அமைதியா? இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலையில் வந்ததும் வராததுமாகக் கையை நீட்டினான். என் சாப்பாட்டு ரொட்டியில் பாதியைக் கொடுத்தேன். வாங்கித் தின்றான், உருண்டையைப் பற்றிக் கேட்கவில்லை. மறந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியானால் எதற்காகக் கையை நீட்டினான்?

போன வாரம் பிஸ்கட் முடிந்தபோது வேறொரு பிள்ளையிடம் அதே சொல் என் வாய்வரை வந்துவிட்டது. "முடிஞ்சிருச்சு கண்ணு" என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டேன். இருபது நிமிடம் அழுதாள். அந்த இருபது நிமிடமும், நாளைக்கு என்று சொல்லியிருக்கலாமே என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.