மாருதி 800-இல் பெட்ரோல் முள் விழுந்து எழுந்த கதை

போன ஜூலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது, மாமரம் என்ற ஊரைத் தாண்டி ஒரு வளைவில் வண்டி நின்றுவிட்டது. பின் சீட்டில் அம்மா, கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த களைப்பில் சாய்ந்திருந்தார். மணி ஆறைத் தாண்டியிருந்தது. பலாப்பழ சீசனில் அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு என்பதால் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. பைக்கில் வந்த இரண்டு தம்பிகள் நிறுத்தி, தங்கள் வண்டியிலிருந்து ட்யூப் வழியாக ஒரு லிட்டர் பெட்ரோல் எடுத்துக் கொடுத்தார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

முள் காலியில்தான் கிடந்தது. ஆனால் ஒரு வருஷமாகவே அது அப்படித்தான்: பாதி காட்டும், திடீரென்று கீழே விழும், நாலு கிலோமீட்டர் போனதும் எழுந்துவிடும். அதனால் முள்ளைப் பார்ப்பதையே விட்டுவிட்டு, ஓடிய கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போட்டு ஓட்டிவந்தேன். சமவெளி மைலேஜுக்குப் போட்ட கணக்கு, இரண்டாவது கியரில் ஏறும் மலைக்குச் செல்லாது. அன்றைக்கு முள் சொன்னது நிஜம்.

எங்களுடையது 1998 மாடல், கார்புரேட்டர் வண்டி. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது, சோதிக்காமலே மீட்டர் போர்டை மாற்ற வேண்டும் என்றார்கள். மனசு ஒப்பவில்லை. எங்கள் தெருவில் இருக்கும் பழைய மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "டெம்பரேச்சர் முள் ஒழுங்கா வேலை செய்யுதுங்களா?" செய்கிறது என்றேன். "அப்ப மீட்டர்ல கை வைக்காதீங்க. ரெண்டு முள்ளுக்கும் ஒரே எடத்துல இருந்துதான் கரண்ட் வருது. கோளாறு பின்னாடி இருக்கும்."

சோதனை எளிமையானது. டேங்கிலிருந்து வரும் இணைப்பைக் கழற்றி, மீட்டருக்குப் போகும் வயரின் முனைக்கும் பாடியில் சுரண்டிய ஓர் இடத்துக்கும் நடுவே ஒரு சின்ன 12 வோல்ட் பல்பைக் கொடுத்து, சாவியைத் திருப்ப வேண்டும். பல்பு இல்லாமல் வயரை நேராக எர்த்தில், அதாவது பாடியில், தொட்டாலும் முள் ஏறும். ஆனால் மீட்டருக்குள் அளவுக்கு மேல் கரண்ட் பாய்ந்து அது கருகிப்போகலாம், அதற்குத்தான் பல்பு. சாவியைத் திருப்பினோம். இந்த மீட்டரில் முள்ளைத் தள்ளுவது சூட்டில் வளையும் ஒரு தகடு. அதனால் உடனே ஏறாது, சில விநாடி பிடிக்கும். மெதுவாக நகர்ந்து நடுக்கோட்டைத் தாண்டியது. மீட்டரும் நல்லது, முன்னாலிருந்து பின்னால் வரை ஓடும் வயரும் நல்லது.

அடுத்தது எர்த். டேங்கின் எர்த் வயர் பாடியில் முடுக்கியிருந்த போல்ட், துருவில் பழுப்பாகி உப்பியிருந்தது. இரண்டு மழைக்காலமும் பனியும் பார்க்கும் ஊர் இது, எந்த வண்டியின் அடியிலும் இதைப் பார்க்கலாம். எமரி பேப்பரால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, கிரீஸ் தடவி முடுக்கினோம். முள் எழுந்து நின்றது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்து நாள் கழித்து, அரவேணு இறக்கத்தில் முள் மறுபடி விழுந்தது. இந்த முறை கவனித்து எழுதிவைத்தேன். பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கும்வரை முள் ஆடவே இல்லை, பாதிக்குக் கீழே போனால்தான் விழுந்தது. அதைச் சொன்னதும் அண்ணன், "அப்ப ஃப்ளோட்டுதான், டேங்கை இறக்கிடலாம்" என்றார். டேங்குக்குள் மிதந்து பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் யூனிட்டைத்தான் அப்படிச் சொன்னார்.

பெட்ரோல் நன்றாகக் குறைந்தபிறகு, திறந்த வெளியில், முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு டேங்கை இறக்கினார். பக்கத்தில் யாரையும் பீடி பற்றவைக்க விடவில்லை. வெளியே எடுத்த யூனிட் சின்னதுதான்: கம்பி முனையில் மிதவை, மறுமுனையில் மெல்லிய கம்பி சுற்றிய ஒரு பட்டை, அதன்மேல் உரசிப்போகும் ஒரு தகட்டு நாக்கு. மல்டிமீட்டரை மாட்டி மிதவையை மேலே தூக்கினால் மின்தடை 4 ஓம். மெதுவாக இறக்க இறக்க எண் கூடியது: 20, 30, அப்புறம் திடீரென்று இடது ஓரத்தில் வெறும் 1. தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் இறக்கினால் மறுபடி எண் வந்தது, கடைசியில் 115 ஓம். இந்த வண்டியில் ஓம் ஏற ஏற முள் இறங்கும். தொடர்பே இல்லாவிட்டால் காலியில் படுத்துவிடும்.

பட்டையை வெயிலில் திருப்பிப் பார்த்தேன். பாதிக்கும் காலுக்கும் நடுவே சுற்றுக் கம்பி தேய்ந்து பளபளவென்று ஒரு பள்ளம். மற்ற இடமெல்லாம் கருத்து, தொடாத மாதிரி இருந்தது. அப்பா காலத்திலிருந்தே நாங்கள் டேங்க் நிரப்பியதில்லை. ஐந்து லிட்டர், ஏழு லிட்டர் என்று போட்டே ஓட்டிய வண்டி. அந்த நாக்கு இத்தனை வருஷமும் அந்த ஒரே விரற்கடைக்குள் உரசிக்கொண்டிருந்திருக்கிறது.

புது யூனிட் கோயம்புத்தூரில் கிடைத்தது. கடையிலேயே மல்டிமீட்டரை வைத்து, மேலிருந்து கீழ்வரை எண் எங்கேயும் அறாமல் ஓடுகிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். கம்பியின் நீளத்தையும் வளைவையும் பழையதோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். அது மாறினால் முள் பொய் சொல்லும். மிதவையைக் காதருகே குலுக்கிப் பார்ப்பதும் முக்கியம். உள்ளே சலசலத்தால் ஓட்டை, பெட்ரோல் புகுந்து மூழ்கிவிடும். யூனிட்டுக்கு அடியில் பெட்ரோல் கசியாமல் வைக்கும் பழைய கேஸ்கெட்டை மறுபடி போட அண்ணன் ஒப்பவில்லை.

மாட்டியபிறகு கோத்தகிரியில் கொஞ்சம் மட்டமான ஓர் இடமாகத் தேடி நிறுத்தினேன். ஏற்றத்தில் நின்றால் பெட்ரோல் பின்பக்கம் சாயும், முள்ளை நம்ப முடியாது. காலி டேங்கில் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் அடங்கும்வரை காத்திருந்து, எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் படம் போட்டேன். முதல் ஐந்து லிட்டருக்கு முள் காலிக் கோட்டுக்கு மேலே ஒரு நூலளவுதான் ஏறியது. அந்தத் தாள் இப்போது டேஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது. முள் அந்த நூலளவுக்கு வந்துவிட்டால் மேட்டுப்பாளையத்திலேயே பங்கில் நிறுத்திவிட்டுத்தான் ஏறுகிறேன். அம்மாவும் பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துக்கொள்கிறார்.